தோல் வெட்டியவர் மேயரானபோது: ஹேஸன் பிங்ரீயும் டெட்ராய்ட் நகரத் தெருக்களும்

"நல்ல வியாபாரி ஒருவர் கையில் ஊரைக் கொடுத்துப் பாருங்கள், மூன்றே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும்." தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஓயாத பேச்சு இது. ஊர் நிர்வாகம் என்றால் வரவு செலவுக் கணக்கு, கணக்கு தெரிந்தவருக்கு ஊரும் தெரியும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வணிகர்களும் இதையே நம்பினார்கள். நம்பி, தங்களில் ஒருவரான ஷூ உற்பத்தியாளரை மேயராக்கினார்கள். அவர் செய்ததைப் பார்த்து முதலில் அதிர்ந்ததும் அவர்கள்தான்.

அவர் பெயர் ஹேஸன் பிங்ரீ. இன்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் "உருளைக்கிழங்கு மேயர்" என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் ஏழைகளுக்குக் கிழங்கு பயிரிட நிலம் கொடுத்த நல்ல மனிதர் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் அவருடைய வேலையில் அது சிறு பகுதி. தெரு என்ற பொதுச் சொத்தை நகரம் யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு விட்டுக்கொடுக்கிறது என்ற கேள்வியில்தான் அவருடைய உண்மையான சண்டை இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அவருடைய வாழ்க்கை அதற்கு வழிகாட்டி.

பட்டறையிலிருந்து சிறைக்கு, சிறையிலிருந்து டெட்ராய்ட்டுக்கு

பிங்ரீ 1840-இல் மெய்ன் மாநிலத்தில் டென்மார்க் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐரோப்பிய நாட்டுக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுப் பஞ்சாலை வேலைக்குப் போனார். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாப்கின்டன் ஊரில் ஒரு ஷூ ஆலையில் தோல் வெட்டும் வேலை கிடைத்தது.

ஷூத் தொழிலில் இது சாதாரண வேலை அன்று. ஒரு ஷூவில் விலை கூடிய பொருள் தோல். ஒரே தோலில் எத்தனை ஜோடிக்கு மேற்பாகம் எடுக்கலாம், தழும்பும் ஓட்டையும் உள்ள இடத்தை எப்படித் தவிர்க்கலாம் என்று பார்த்து வெட்டுகிறவர் கையில்தான் முதலாளியின் லாபமே இருக்கிறது. ஒரு பொருளுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் பழக்கம் அங்கே வந்துவிடுகிறது. பிங்ரீயின் பிற்கால அரசியலை நான் இந்தத் தோல் வெட்டும் மேசையிலிருந்துதான் பார்க்கிறேன்.

1862-இல், உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படையில் சேர்ந்தார். 1864-இல் தெற்குப் படையிடம் பிடிபட்டு ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் அடைக்கப்பட்டார். அந்த முகாமுக்குள் போன சுமார் 45,000 கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. பிங்ரீ இன்னொரு கைதியின் பெயரைச் சொல்லித் தப்பி, மீண்டும் படைக்கே திரும்பினார்.

போர் முடிந்ததும் டெட்ராய்ட் வந்து, அங்கிருந்த ஒரு ஷூ நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1866-இல், சார்ல்ஸ் ஸ்மித் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து பழைய இயந்திரங்களை வாங்கினார். இருவரும் போட்ட முதல் சுமார் 1,360 டாலர். இருபது ஆண்டுகளில் "பிங்ரீ அண்ட் ஸ்மித்" நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்யும் பெரிய ஆலையாக வளர்ந்துவிட்டது.

1889-இல் குடியரசுக் கட்சி வணிகர்கள் ஒரு வேட்பாளரைத் தேடினார்கள். நகரமன்றத்தில் லஞ்சம் மலிந்திருந்தது, வரி ஏறிக்கொண்டே போயிற்று. பிங்ரீயிடம் கேட்டபோது, ஷூ செய்யவே நேரம் போதவில்லை, அரசியலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஒப்புக்கொண்டு நின்றார், வென்றார், 1890 ஜனவரியில் பதவியேற்றார். அன்று டெட்ராய்ட்டில் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் இருந்தார்கள்.

அந்த மேயரிடம் என்ன இருந்தது?

நம் ஊர் மாநகராட்சியை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் குழப்பம் வரும். தமிழ்நாட்டில் மாநகராட்சியின் அன்றாட நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். டெட்ராய்ட்டில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பதவிக் காலம் இரண்டு ஆண்டு. அவரிடம் மறுப்பாணை அதிகாரம் இருந்தது. நகரமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பலாம் என்பது அதன் பொருள். மன்றம் கூடுதல் பெரும்பான்மையோடு மீண்டும் நிறைவேற்றினால் அந்த மறுப்பு செல்லாது.

ஆக, மேயரால் ஒன்றைத் தடுக்க முடியும். புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் மன்றத்தின் தயவு வேண்டும், பெரிய விஷயமாக இருந்தால் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதியும் வேண்டும். "மேயர் நினைத்தால் செய்யலாம்" என்று சொல்கிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

தெரு உரிமம்: கதையின் அச்சாணி

நம் ஊர்களில் வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். சந்தைத் திடல் ஊராட்சிக்குச் சொந்தம். ஏலம் எடுத்தவர் ஊராட்சிக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, கடை போடுகிறவர்களிடம் வசூலித்துக்கொள்வார். ஆண்டு முடிந்தால் மறு ஏலம். சந்தை பெருத்தால் ஏலத் தொகையும் ஏறும்.

இப்போது அதே ஏலத்தை முப்பது ஆண்டுக்கு ஒருவருக்கே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிக்கு வரும் தொகை மிகச் சொற்பம். வசூல் விகிதம் பத்திரத்தில் எழுதப்பட்டுவிட்டதால் அதைக் குறைக்கச் சொல்லவும் வழி இல்லை. ஊர் இரண்டு மடங்கு பெருத்தாலும் கூடுதல் வருமானம் முழுவதும் குத்தகைக்காரருக்கே. விரும்பினால் அந்தக் குத்தகையை அவர் வேறொருவருக்குக் கொள்ளை லாபத்துக்கு விற்கவும் செய்யலாம். அந்த ஏலத்துக்குக் கைதூக்கிய உறுப்பினர்களுக்கு ஏதாவது கிடைத்திருக்குமா என்று நான் சொல்லத் தேவையில்லை.

19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நகரங்களில் தெரு உரிமம் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. நகரத் தெருவில் தண்டவாளம் போடவோ, எரிவாயுக் குழாய் புதைக்கவோ, மின்கம்பம் நடவோ ஒரு தனியார் நிறுவனத்துக்கு நகரமன்றம் அளிக்கும் நீண்டகால அனுமதி அது. அது வெறும் அனுமதிச் சீட்டாக இருந்தால் ரத்து செய்துவிடலாம். நீதிமன்றங்கள் அதை ஒப்பந்தமாகக் கருதின. ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. ஆகவே ஒரு மன்றம் ஒரே மாலையில் கைதூக்கியது, அதற்குப் பிறகு வந்த எல்லா மன்றங்களையும் கட்டிப்போட்டது.

சந்தையிலாவது, ஒரு திடல் பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகலாம். டிராம் தடத்துக்கும் எரிவாயுக் குழாய்க்கும் அதுவும் இல்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு குழாய் புதைத்தால் செலவுதான் இரட்டிப்பாகும், வாடிக்கையாளர்கள் இரட்டிப்பாக மாட்டார்கள். இப்படி ஒருவர் மட்டுமே நடத்துவதுதான் சிக்கனம் என்ற இயல்புள்ள தொழிலைப் பொருளியலில் இயற்கை ஏகபோகம் என்கிறார்கள். போட்டி வந்து விலையைக் குறைக்கும் என்ற கடைத்தெரு விதி இங்கே வேலை செய்யாது. ஷூ விற்றவருக்கு இது முதல் பாடம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நிறுவனங்கள் உண்மையில் போட்ட முதலைவிடப் பல மடங்கு மதிப்புக்குப் பங்கும் கடன் பத்திரமும் அச்சிட்டு விற்றன. பிறகு, "இவ்வளவு முதலுக்கு வட்டியும் லாபப் பங்கும் கொடுக்க வேண்டாமா, கட்டணத்தை எப்படிக் குறைப்பது" என்று கேட்டன. அந்த ஊதிப் பெருத்த மதிப்பின் பெரும்பகுதி தண்டவாளத்திலும் இல்லை, குதிரையிலும் இல்லை. நகரம் கொடுத்த உரிமத்தில் இருந்தது. நகரம் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்ததற்கு, நகர மக்களே டிக்கெட் விலையில் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுருக்கமாக, தெரு பொதுச் சொத்து. உரிமம் அதன் நீண்டகாலக் குத்தகை. குத்தகை ஒப்பந்தமாகிவிட்டால் மாற்ற முடியாது. தொழிலோ ஒருவருக்கு மட்டுமே இடமுள்ளது. இந்த நான்கும் ஒன்றுசேரும்போது விலையைக் கட்டுப்படுத்த எதுவுமே மிஞ்சுவதில்லை.

குதிரை டிராம் வேலைநிறுத்தம்

இதையெல்லாம் பிங்ரீ பதவியேற்ற நாளிலேயே புரிந்துகொண்டிருக்கவில்லை. முதலில் அவர் சாலைகளைத்தான் கவனித்தார். டெட்ராய்ட் தெருக்களில் தேவதாரு மரக்கட்டைகளைப் பதித்திருந்தார்கள். மழையில் அவை ஊறி அழுகின. ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதை உடைத்து, கான்கிரீட் அடித்தளத்தின்மேல் தார்ச்சாலையும் செங்கல் சாலையும் போடவைத்தார். இதுவரை வணிகர்களுக்கு மகிழ்ச்சி.

1891 ஏப்ரலில் திருப்பம் வந்தது. பல நகரங்கள் மின்சார டிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் டெட்ராய்ட் டிராம் நிறுவனம் இன்னும் குதிரைகளை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தது. சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை அது வேலையை விட்டு நீக்கியதால் வேலைநிறுத்தம் வெடித்தது. ஊர் மக்கள் தொழிலாளர்கள் பக்கம் நின்றார்கள். கூட்டம் தண்டவாளங்களைப் பெயர்த்தது. மாநிலப் படையை அழைக்கும்படி நிறுவனம் மேயரை நெருக்கியது.

பிங்ரீ மறுத்துவிட்டார். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை வைத்திருந்த ஆலை முதலாளி, அதுவும் குடியரசுக் கட்சிக்காரர், படையை அழைக்க மறுத்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அன்று. கடைசியில் நிறுவனம் நடுவர் தீர்வுக்கு இறங்கி வந்தது.

அதே ஆண்டு நிறுவனத்துக்குப் புதிதாக முப்பது ஆண்டு உரிமம் தர நகரமன்றம் தீர்மானம் போட்டது. பிங்ரீ மறுப்பாணை பிறப்பித்தார். அன்றிலிருந்து அவருக்கும் டிராம் நிறுவனத்துக்கும் நடந்த சண்டை, அவர் சாகும்வரை ஓயவில்லை.

பழைய உரிமத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் நகரம் முயன்றது. நிறுவனம் 1863-இல் முப்பது ஆண்டு ஆயுளோடு தொடங்கப்பட்டது. ஆயுள் 1893-இல் முடியும்போது, அதைத் தாண்டி நகரமன்றம் நீட்டித்துக் கொடுத்த உரிமம் எப்படிச் செல்லும் என்பது வாதம். நல்ல வாதம்தான், முதல் கட்டத்தில் தீர்ப்பும் நகரத்தின் பக்கம் வந்தது. மேல்முறையீட்டில் நிறுவனம் வென்றது.

மூன்று வழிகள், மூன்று விளைவுகள்

உரிமத்தை ரத்து செய்ய முடியாத நிலையில் ஒரு மேயர் என்ன செய்யலாம்? பிங்ரீ முயன்ற வழிகள் இன்றைக்கும் பொது ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பயன்படும்.

எரிவாயு விஷயத்தில் அவர் பிடித்தது மண்வெட்டியை. நிறுவனத்திடம் உரிமம் இருக்கிறது, சரி. ஆனால் புதிதாகக் குழாய் போடத் தெருவைத் தோண்ட வேண்டும், தோண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டு நகர நிர்வாகத்திடம் இருக்கிறது. விலையைக் குறைக்காமல் தெருவைத் தொடாதே என்றார். வளரும் நகரத்தில் புதுத் தெருக்களுக்குக் குழாய் போட முடியாத நிறுவனம் எத்தனை நாள் தாங்கும்? விலை இறங்கியது. சட்டப் புத்தகத்தில் இதற்கு அழகான பெயர் ஏதும் கிடையாது. கணக்கு தெரிந்தவரின் பேரம், அவ்வளவுதான்.

தெரு விளக்கில் அவர் வேறு வழியில் போனார். நகரம் தனியார் நிறுவனத்திடம் ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்தது. பிங்ரீ மற்ற நகரங்களின் விலைகளைத் திரட்டி டெட்ராய்ட் விலையோடு வைத்துப் பார்த்தார், மின்சாரம் உற்பத்தி செய்ய என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார். விலைக்கும் செலவுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அவருடைய பிரசாரமே. 1893-இல் வாக்காளர்கள் நகரத்துக்குச் சொந்தமான மின்நிலையத்துக்குப் பெரும் ஆதரவோடு ஒப்புதல் தந்தார்கள். 1895-இல் அது இயங்கத் தொடங்கியது. இதைத்தான் நகராட்சி உடைமை என்கிறோம்: ஒரு சேவைக்கான கருவிகளை நகரமே சொந்தமாக வைத்து நடத்துவது. தெரு விளக்குக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் மட்டுமே அது மின்சாரம் தந்தது. வீடுகளுக்கு விற்கவில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் நகரமே என்பதால் இங்கே பேரத்துக்கே வேலை இல்லாமல் போயிற்று. விளக்குச் செலவு குறைந்தது.

டிராமில் அவர் போட்டியைக் கொண்டுவந்தார். இயற்கை ஏகபோகத்தில் போட்டி நிற்காது என்று மேலே சொன்னேனே, அதை அவர் அனுபவத்தில் கற்றது இங்கேதான். பழைய நிறுவனத்தின் கட்டணம் 5 சென்ட். பிங்ரீ ஒரு புது நிறுவனத்தைக் கொண்டுவந்து, அது தடம் இல்லாத தெருக்களில் உரிமம் பெற ஏற்பாடு செய்தார். நிபந்தனை, பகலில் 25 சென்டுக்கு எட்டு டிக்கெட். சுமார் 3 சென்டுக்கு ஒரு பயணம். 1895 கோடையில் முதல் வண்டியைப் பிங்ரீயே ஓட்டினார்.

சில ஆண்டுகளிலேயே அந்தப் புது நிறுவனம் பழையவர்களின் கைக்குப் போய்விட்டது. 1900-இன் இறுதியில் நகரத்தின் டிராம்கள் எல்லாம் டெட்ராய்ட் யுனைடெட் ரயில்வே என்ற ஒரே நிறுவனத்தில் கலந்தன. போட்டி செத்தது. ஆனால் 3 சென்ட் நிபந்தனை அந்தத் தடங்களின் உரிமத்தில் எழுதப்பட்டிருந்தது, வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தியது. நிறுவனங்கள் ஆயுதமாகப் பிடித்திருந்த ஒப்பந்தப் பாதுகாப்பு இந்த ஒரு இடத்தில் பயணிகளுக்குப் பயன்பட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

சுருக்கமாக, தோண்டும் அனுமதி விலையைக் குறைத்தது, சொந்த மின்நிலையம் சேவையையே நகரத்தின் கைக்குள் கொண்டுவந்தது, போட்டியோ நீடிக்கவில்லை. நீடித்தது உரிமத்தில் எழுதிய நிபந்தனை.

பள்ளி வாரியத்தில் ஒரு மாலை

நிறுவனங்கள் விரும்பிய தீர்மானங்களுக்குக் கைதூக்க ஆள் வேண்டும். அதனால் லஞ்சம் இந்தக் கதையிலிருந்து பிரிக்க முடியாதது. 1894 ஆகஸ்டில் ஒரு மாலை, பள்ளி வாரியக் கூட்டத்துக்குள் பிங்ரீ போலீசாரோடு நுழைந்தார். உங்களில் சிலர் இன்றிரவு சிறைக்குப் போகிறீர்கள் என்று சபைக்கே அறிவித்தார். பள்ளிகளுக்கு மேசை நாற்காலி வாங்கியதில் கையூட்டுப் பெற்றதாக நான்கு உறுப்பினர்கள் கைதானார்கள். நாடகத்தனம் என்று அப்போதும் சொன்னார்கள். அவருக்கு நாடகம் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

உருளைக்கிழங்கு, கடைசியில்

1893-இல் அமெரிக்காவில் வங்கிகளும் ரயில் நிறுவனங்களும் சரிந்தன. டெட்ராய்ட் ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். நிவாரண நிதி கரைந்தது. நகரத்தின் ஓரங்களில், விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர்களின் காலி மனைகள் ஏக்கர் ஏக்கராகப் புல் மண்டிக் கிடந்தன.

1894-இல் அந்த மனைகளை உரிமையாளர்களிடம் தற்காலிகமாகக் கேட்டு வாங்கி, வேலையில்லாத குடும்பங்களுக்குப் பயிரிடப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தைப் பிங்ரீ அறிவித்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. விதைக்கும் கருவிக்கும் பணம் திரட்டும்படி தேவாலயங்களைக் கேட்டார். அவற்றிலிருந்து வந்த தொகை மொத்தம் 13 டாலர் 80 சென்ட். வெறுத்துப்போய்த் தன் குதிரையை ஏலத்தில் விற்றார்.

சுமார் 3,000 குடும்பங்கள் விண்ணப்பித்தன. கிடைத்த 430 ஏக்கரில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான குடும்பங்களுக்கே இடம் இருந்தது. உருளைக்கிழங்கோடு பீன்ஸ், டர்னிப் போன்றவையும் போட்டார்கள். நகரம் செலவிட்டது சுமார் 3,600 டாலர். விளைச்சலின் மதிப்பு அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கேலி நின்றது. நியூயார்க், பாஸ்டன், பஃபலோ, ஃபிலடெல்பியா என்று மற்ற நகரங்களும் திட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

இதை வெறும் கருணைத் திட்டமாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். சும்மா கிடக்கும் நிலம் ஒரு பக்கம், சும்மா இருக்கும் கைகள் இன்னொரு பக்கம். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது எது என்று கேட்டால் நிலத்தின் மதிப்பு, வரி, உரிமை என்று அதே பழைய கேள்விகளுக்குத்தான் வந்து சேர வேண்டும். பிங்ரீ வந்து சேர்ந்தார்.

வரி: யார் கட்டவில்லை?

சொத்துவரி விதிக்க முதலில் சொத்துக்கு ஒரு மதிப்பு போட வேண்டும். அதை மதிப்பீடு என்கிறோம். வரி விகிதம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், மதிப்பீடு குறைவாக இருந்தால் வரி குறைந்துவிடும். டெட்ராய்ட்டில் சிறிய வீட்டின் மதிப்பீடு சந்தை விலையை ஒட்டி இருந்தது. பெரிய நிலக்காரர்களின் மதிப்பீடு தாழ்ந்து கிடந்தது. ரயில் நிறுவனங்கள் வருமானத்தின்மேல் மாநிலத்துக்கு ஒரு வரி கட்டியதால், நகரத்துக்குள் இருந்த அவற்றின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ளூர் வரியே கிடையாது. அந்தச் சட்டம் மாநிலத் தலைநகரில் இயற்றப்பட்டது. மேயரால் தொட முடியாது.

ஆகவே 1896-இல் ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார். மேயர் பதவியையும் விட மனமில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன் என்றார். கூடாது என்று 1897-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மேயர் நாற்காலியை விட்டார். மக்கள் நலனுக்காகத்தான் கேட்டார் என்று சொல்வார்கள். எனக்கு அது அதிகார ஆசையாகவும் தெரிகிறது.

ஆளுநராக இருந்தபோது ரயில் நிறுவனங்களின் சொத்துக்கு மற்றவர் சொத்தைப் போலவே வரி விதிக்கும் சட்டம் 1899-இல் நிறைவேறியது. நீதிமன்றம் அதைத் தள்ளியது. அப்படியானால் மாநில அரசியலமைப்பையே திருத்துவோம் என்று சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூட்டினார், 1900 நவம்பரில் வாக்காளர்கள் திருத்தத்தை ஏற்றார்கள். அதன் பலன் அவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகே வந்தது. டெட்ராய்ட் டிராம் முழுவதையும் நகரத்துக்கு வாங்கிவிட அவர் எடுத்த முயற்சியையும் 1899-இல் மாநில உச்ச நீதிமன்றமே நிறுத்தியது.

அவருடைய கடைசிச் செயல்களில் ஒன்று பெருமைக்குரியதாக இல்லை. ராணுவத் தளவாட ஊழலில் சிக்கிய தன் அதிகாரிகளை அபராதத்தோடு மன்னித்துவிட்டார். பள்ளி வாரியத்துக்குள் போலீசாரோடு நுழைந்தவர் தன் ஆட்கள் என்று வந்தபோது வளைந்தார். அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

1901 ஜூன் 18 அன்று, ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போய்த் திரும்பும் வழியில், லண்டனில் பிங்ரீ இறந்தார். வயது அறுபது.

வியாபாரி என்பதால் வென்றாரா?

மீண்டும் அந்தத் தேநீர்க் கடைப் பேச்சுக்கு வருவோம். பிங்ரீயின் தொழில் அனுபவம் உதவியது, மறுக்க முடியாது. அடக்க விலை தெரியும், ஒப்பந்தம் படிக்கத் தெரியும், பேரம் தெரியும். ஆனால் நகரத்தை அவர் ஒரு ஆலையைப் போல நடத்தியதாகச் சொல்வது தவறு. ஆலை முதலாளிக்கு லாபம் முக்கியம், வேண்டாத பொருளை நிறுத்திவிடலாம், வேண்டாத ஆளை அனுப்பிவிடலாம். மேயரால் ஒரு தெருவையோ ஒரு ஏழைக் குடும்பத்தையோ கணக்கிலிருந்து நீக்க முடியாது. நகரத்தை ஏமாறிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளராகப் பார்த்தார், அந்த வாடிக்கையாளருக்காகத் தன் பழைய சகாக்களோடு மோதினார். அவரை நிறுத்திய வணிகர்களில் பலர் சில ஆண்டுகளில் அவருக்கு எதிரிகளானதற்குக் காரணம் அதுதான். அவரை அடுத்தடுத்து நான்கு முறை தேர்ந்தெடுத்தவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள்.

எதிரணியிலும் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1890-களின் நடுவில் டெட்ராய்ட்டின் பழைய டிராம் நிறுவனத்தை நடத்தி, பிங்ரீயின் 3 சென்ட் திட்டத்தை எதிர்த்த டாம் ஜான்சன், 1901-இல் கிளீவ்லாந்து நகரத்தின் மேயரானார். அங்கே அவர் எடுத்த முழக்கம் 3 சென்ட் கட்டணம்.

டெட்ராய்ட்டில் 5 சென்ட் கட்டணம் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது, நகரம் அதைக் குறைக்க முடியாது என்று 1902-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1922-இல், ஃபோர்டு நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த ஜேம்ஸ் கசன்ஸ் மேயராக இருந்தபோதுதான் நகரம் டிராமைச் சொந்தமாக்கிக்கொண்டது. தன்னுடைய தெருக்களில் ஏற்கெனவே கிடந்த தடங்களுக்கும் அவற்றின்மேல் ஓடிய வண்டிகளுக்கும் டெட்ராய்ட் கொடுத்த விலை சுமார் 2 கோடி டாலர்.